புளியமரத்துக்கு அடுத்த வீடு

நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவர்களிடம் "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரச் சற்று நேரம் பிடிக்கும். அப்பாவின் ஊரைச் சொல்வதா, பிறந்த ஊரைச் சொல்வதா, அப்பா ஓய்வு பெற்றபின் வீடு வாங்கிய ஊரைச் சொல்வதா என்று மனம் தடுமாறும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகும் எனக்கு அந்தத் தடுமாற்றம் தீரவில்லை.

அப்பாவுக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். 1970களின் தொடக்கத்தில் சுரங்கத்தில் வேலை கிடைத்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு நெய்வேலிக்கு வந்தவர். எங்கள் வீட்டுக்கு வலப்பக்கம் பாலக்காட்டுக் குடும்பம், இடப்பக்கம் மன்னார்குடிக்காரர்கள், எதிரே நெல்லூரிலிருந்து வந்தவர்கள். ஏப்ரல் கடைசியில் பள்ளி முடிந்ததும் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு "ஊருக்கு" கிளம்புவார்கள். அந்தச் சொல் வீட்டுக்கு வீடு வேறு திசையைக் காட்டியது. நாங்களும் போவோம். அங்கே ஆச்சி வீட்டு வாசலில் நின்றால் தெருவில் போகிறவர்கள், "நெய்வேலிப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் போல" என்பார்கள். நெய்வேலிக்குத் திரும்பினால் அப்பாவுக்குத் "திருநெல்வேலிக்காரர்" என்றுதான் பெயர். கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போய்ப் பல வருடம் ஆன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

சுரங்க ஊழியர்களுக்காகக் கட்டிய நகரியம் அழகான ஊர். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். சென்னை–கும்பகோணம் சாலையில் ஆர்ச் கேட்டில் இறங்கி உள்ளே திரும்பினால் வெயிலின் நிறமே மாறிவிடும். இரண்டு பக்கமும் மரங்கள். தெருக்களுக்குப் பெயரை விட எண்தான் முக்கியம். ஊரே வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்டது. "எந்த வட்டம்?" என்றுதான் முதலில் கேட்போம். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி முன்வாசல், ஒரே மாதிரி பின்வாசல், பின்னால் ஒரு தோட்டம். வில்லுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரம் வந்தால் நகரியமும் சுற்றுக் கிராமங்களும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். வேலுக்குப் பதில் வில்லை ஏந்திய முருகன் அவர். காவடி எடுத்து வருகிறவர்களின் காலில் தண்ணீர் ஊற்றுவதற்காகவே விடியற்காலையில் குடத்தோடு தெருமுனையில் நிற்போம். செம்மண் குழம்பிப் பாவாடையெல்லாம் சிவந்துவிடும்.

இந்த ஊர் எப்படி வந்தது என்பதைப் பள்ளியில் பலமுறை கேட்டிருக்கிறோம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு பழுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் கண்ணில் பட்டது. அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் உதவி, மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கரங்களுக்கு ஜெர்மானியத் தொழில்நுட்பம். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவை இவை. நிலக்கரிக்கு மேலே இருந்த மண்ணின் மேல் யார் குடியிருந்தார்கள் என்பது அந்தப் பாடத்தில் இல்லை. அதை எனக்குச் சொன்னது ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்.

அவள் நகரியத்துப் பெண் இல்லை. வெளியே, மாற்றுக் குடியிருப்பு ஒன்றிலிருந்து சைக்கிளில் வருவாள். அவளுடைய ஊர் 1980களின் தொடக்கத்தில் இரண்டாவது சுரங்கத்துக்காக எடுக்கப்பட்டது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவள் குடும்பத்தின் வாயில் மட்டும் மிச்சமிருக்கிற பெயர். அவளைக் கேட்காமல் அதை எடுத்துப் புழங்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் நட்பு முந்திரிக்கொட்டையில் தொடங்கியது. ஒருநாள் அவள் பச்சை முந்திரிக்கொட்டை இரண்டைப் பையில் கொண்டுவந்திருந்தாள். வறுத்துத்தான் உடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பல்லால் கடித்துவிட்டேன். தோட்டுக்குள் இருக்கும் பால் பட்டு உதடு வெந்து, மறுநாள் கொப்புளமாகிவிட்டது. அவள் பயந்துபோய், பள்ளி விட்டதும் தன் ஆயாவை, அதாவது பாட்டியை, கையோடு அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆயா முன்வாசலில் தயங்கி நிற்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்வாசலுக்கு வந்து, மடியிலிருந்த தேங்காய் எண்ணெய்க் குப்பியைத் திறந்து, என் உதட்டில் தன் சுண்டுவிரலால் தடவினார். பிறகுதான் அம்மாவைப் பார்த்து, "பிள்ளைக்கு ஒன்றும் இல்லை" என்றார். அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு அந்த வழியாக வந்த தோழி, அதற்குப் பிறகு பதினைந்து வருடத்துக்கும் மேலாகப் பின்வாசல் வழியாகவேதான் வந்தாள்.

அவள் முன்வாசல் வழியாக வந்தது ஒரே ஒருமுறை. தன் கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து, தாய் தகப்பனோடு வந்தாள். அவர்கள் போன பிறகு அம்மா வெகுநேரம் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "முன்வாசல் வழியாக வந்துவிட்டாளே" என்றாள். அதில் இருந்த வருத்தம் எனக்கு அப்போதே புரிந்தது.

சனிக்கிழமை இரவுகளில் நான் அவர்கள் குடியிருப்பில் தங்குவேன். அவளுடைய அம்மாவை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். தோட்டத்தில் மூன்று கல் வைத்து, ஓட்டை போட்ட பழைய தகரத்தில் முந்திரிக்கொட்டையை வறுப்பார்கள். எண்ணெய் பற்றிக்கொண்டு குபுகுபுவென்று எரியும்; புகை கண்ணைக் கரிக்கும். மண்ணை வாரிப்போட்டு அணைத்து, ஆறிய பின் கட்டையால் ஒரே தட்டு. ஆயா தட்டினால் பருப்பு முழுதாக வரும். நாங்கள் தட்டினால் பொடியாகிவிடும். பொடியை நாங்கள் தின்போம், முழுசைக் கடைக்காகப் பொறுக்கி வைப்பார்கள்.

சாப்பிட்ட பிறகு ஆயா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து தெருவைச் சொல்வார். கதை சொல்வது என்று அதை நினைக்கக் கூடாது. போய்விட்ட ஊரின் மேலத்தெருவை முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் வரிசையாகச் சொல்வார், அவ்வளவுதான். "முதலில் பிள்ளையார். அடுத்து மணியக்காரர் வீடு. அடுத்து இரட்டைத் திண்ணை வீடு. அடுத்து எருமைக்காரர் வீடு. அடுத்து ஊமையன் வீடு. அவனுக்குப் பேச்சு வராது, ஆனால் புல்லாங்குழல் வாசிப்பான். அடுத்து புளியமரம்…" இப்படியே போய்ப் பெரிய ஏரிக்கரையில் முடியும். எல்லா வீடுகளும் மாற்றுக் குடியிருப்புக்கு வரவில்லை. சிலர் விருத்தாசலம் போனார்கள், சிலர் பண்ருட்டி போனார்கள், சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. வந்தவர்களுக்கும் புதிய இடத்தில் பழைய வரிசை அமையவில்லை. இரட்டைத் திண்ணை வீட்டுக்காரர்கள் ஒரு கோடியில், எருமைக்காரர்கள் மறு கோடியில். ஆயா அந்த வரிசையைத் தன் வாயில் வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டோம். நான் பார்த்தே இராத ஒரு தெரு, கண்ணை மூடினால் எனக்குத் தெரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பெரியப்பா எங்களைச் சுரங்கம் பார்க்க அழைத்துப்போனார். அவருக்குச் சுரங்கத்திலேயே வேலை. மேலிருந்து பார்க்கும் இடத்தில் நின்றோம். கீழே பள்ளம் படிப்படியாக இறங்கியது. பல இடங்களில் 60 மீட்டருக்கும் ஆழமாக மண்ணை அகற்றினால்தான் நிலக்கரி வரும் என்று பெரியப்பா சொன்னார். எட்டத்தில் ஒரு சக்கரம் மெதுவாகச் சுழன்றது. அதன் விளிம்பில் வாளிகள் மண்ணை அள்ளிப் பட்டையில் கொட்ட, பட்டை அந்த மண்ணை ஆறு போலக் கொண்டுபோனது.

ஆயா கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். கீழே பார்க்கவில்லை, எங்கள் கண்ணுக்கு நேராகப் பார்த்தார். பள்ளத்துக்கு மேலே ஒரு கொக்கு குறுக்கே பறந்தது. "அதோ அந்தக் கொக்கு போகிறதே, அந்த மட்டத்தில்தான் நம் மாரியம்மன் கோயில்" என்றார். பிறகு விரலைச் சற்று நகர்த்தி, "அங்கே ஏரி. இங்கே நம் அடுப்படி" என்றார். விரல் காட்டிய இடத்தில் வெறும் காற்று. பூமி இருந்த உயரத்தில் வானம் வந்துவிட்டது.

ஒரு வாய்க்காலில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிற நீர் அது. இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; விட்டால் பள்ளத்தின் தரையையே பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும் என்று பெரியப்பா விளக்கினார். ஆயா இறங்கிப்போய் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார். "நம் கிணற்றுத் தண்ணீர்தான்" என்றார். பெரியப்பா மறுத்துப் பேசவில்லை.

அன்று இரவு வீட்டுக்கு வந்து மேசைவிளக்கைப் போட்டுப் படிக்க உட்கார்ந்தேன். அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதன்முதலாக யோசித்தேன். அப்பாவின் சம்பளம், எங்கள் வீடு, என் பள்ளி எல்லாம் அந்தக் கொக்கு பறந்த உயரத்துக்குக் கீழிருந்துதான் வந்தன. பல வருடம் கழித்து இதை நான் தோழியிடம் சொல்லி, மன்னிப்பு மாதிரி ஏதோ கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் பெரியப்பாவுக்கும் அங்கேதான் சம்பளம். உன்னிடம் யார் கணக்குக் கேட்டார்கள்?" என்றாள். நான் அந்தக் கணக்கை இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் அதைப் பற்றி அவளிடம் மறுபடி பேசவில்லை.

2006இல் அப்பா பணி ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது வேலையில் சேரும்போதே எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிலர் வடக்குத்திலும் இந்திரா நகரிலும் மனை வாங்கி, நகரியத்தின் வாசலிலேயே வீடு கட்டிக்கொள்வார்கள். கடலூர், புதுச்சேரி, திருச்சி என்று போகிறவர்களும் உண்டு. அப்பா என் பக்கத்தில் இருக்கலாம் என்று தாம்பரத்தில் ஓர் அடுக்ககத்தில் வீடு வாங்கினார். லாரியில் சாமான் ஏற்றியபின் வீட்டுக்குள் போனேன். கதவு நிலையில் என் உயரத்தையும் தம்பியின் உயரத்தையும் பென்சிலால் குறித்த கோடுகள் இருந்தன. அடுத்தவர் வருவதற்குள் அதன்மேல் வண்ணம் அடித்துவிடுவார்கள். தோழி அன்று காலையிலேயே வந்திருந்தாள், வழக்கம்போலப் பின்வாசல் வழியாக. காலி வீட்டைக் கூட்டினாள். எதற்கு என்று கேட்டேன். "குப்பையோடு விட்டுப் போகலாமா?" என்றாள். கடைசியில் தோட்டத்துப் பலாமரத்தடியில் சிறிது நேரம் நின்றோம். 1984இல் பண்ருட்டிச் சந்தையில் வாங்கிய பழத்தின் கொட்டையை அம்மா ஊன்றியது. எடுத்துப்போக முடியாதது அது ஒன்றுதான்.

தாம்பரத்தில் அப்பா பல மாதம் விடியற்காலையில் எழுந்து, முதல் ஷிப்ட்டுக்குக் கிளம்புகிறவர் போலக் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அடுக்ககத்தில் நல்ல மனிதர்கள்தான் இருந்தார்கள். ஆனால் அந்த வீட்டுக்குப் பின்வாசல் இல்லை. யார் வந்தாலும் அழைப்புமணியை அடித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. தொலைக்காட்சியில் கடலூரைக் காட்டினார்கள். மாவட்டம் முழுக்க முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. வடக்குத்தில் குடியிருந்த தோழிக்குப் போன் போகவில்லை. மின்சாரமும் இல்லை, செல்போன் கோபுரங்களும் வேலை செய்யவில்லை. நான்கு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். நான் வாய் திறப்பதற்குள், "உன் பலாமரம் விழுந்துவிட்டது" என்றாள்.

நான் அவளைப் பற்றிக் கேட்டேன். பிள்ளைகள் நலம், வீட்டு ஓடு பறந்துவிட்டது, அவளுடைய மாமனாரின் முந்திரித்தோப்பில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. இதையெல்லாம் பிறகுதான் சொன்னாள். தோப்பு போனால் என்ன ஆகும் என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். புதிதாக நட்டு, அது வளர்ந்து காய்க்கும் வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நிலையில் அவள், புயல் ஓய்ந்த மறுநாள், சாலையெங்கும் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நகரியத்துக்குள் நடந்து போய், இப்போது யாரோ குடியிருக்கும் ஒரு வீட்டின் தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். எதற்காகப் போனாய் என்றேன். "நீ கேட்பாய். கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா?" என்றாள்.

'எல்லா ஊரும் நம் ஊர்தான், மனசுதான் காரணம்' என்று ஆறுதல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஆயாவுக்கு எல்லா ஊரும் ஓர் ஊர் ஆகவில்லை. பட்டாவும் பத்திரமும்தான் ஊர் என்றும் நான் நினைக்கவில்லை. எங்கள் குடும்பத்துக்கு நெய்வேலியில் ஒரு சாண் நிலம்கூட இருந்ததில்லை. நாம் இல்லாதபோது நம் மரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வர ஓர் ஆள் எங்கே இருக்கிறதோ, அங்கே எனக்கு ஊர் இருக்கிறது. நெய்வேலியை என் சொந்த ஊர் என்று நான் சொல்வது அந்தப் போனுக்குப் பிறகுதான். இப்போது யாராவது கேட்டால் தடுமாறினாலும் அதைத்தான் சொல்கிறேன்.

போன மே மாதம் என் மகளை அழைத்துக்கொண்டு வடக்குத்துக்குப் போனேன். பகலில் சுரங்கப் பக்கம் ஒரு சுற்றுப் போனோம். நிலக்கரியை எடுத்து முடித்த இடத்தில் பின்னாலேயே மண்ணை நிரப்பி, மரம் நட்டு வருகிறார்கள். ஆயாவின் விரல் காட்டிய காற்று இப்போது மறுபடி தரையாகியிருக்கிறது. சாலையோரம் நின்று பார்த்தோம். "இங்கேதானா?" என்று கேட்டேன். தோழி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "அடையாளம் சொல்ல எதுவும் இல்லையே" என்றாள். மரங்கள் நன்றாகவே வளர்ந்திருந்தன. ஆயா இதைப் பார்க்கவில்லை. 1999இலேயே போய்விட்டார்.

இரவு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தோம். முதலில் எங்கள் வட்டத்து வீடுகளைச் சொன்னோம். பாலக்காட்டு டீச்சர் வீடு, அடுத்து நாங்கள், அடுத்து மன்னார்குடி வீடு, அடுத்து ரோஜாச்செடி வீடு, அடுத்து எப்போதும் ரேடியோ பாடும் வீடு. வருடத்துக்கு ஒருமுறையாவது போனில் இப்படிச் சொல்லிக்கொள்வோம். என் மகள் கேட்டுக்கொண்டே இருந்தவள், "ஆயா தெருவையும் சொல்லுங்கள்" என்றாள்.

தோழி தொடங்கினாள். பிள்ளையார், மணியக்காரர் வீடு, இரட்டைத் திண்ணை வீடு, எருமைக்காரர் வீடு, ஊமையன் வீடு, புளியமரம். அதற்கு மேல் வரவில்லை. நான் எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன், எனக்கும் வரவில்லை. புளியமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டைத் தாண்டிய பிறகுள்ளது எல்லாம் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. அந்த ஒரு வீடு மட்டும் இல்லை. மறுபடி பிள்ளையாரிலிருந்து தொடங்கினோம், வேகமாகச் சொன்னால் வாய் தானாகக் கொண்டுபோய்விடும் என்று. புளியமரத்தில் வந்து நின்றது. தோழி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பெரியப்பாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. மாற்றுக் குடியிருப்பில் மகனோடு இருக்கிறார். இந்நேரத்தில் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல அவள் போன் போட்டுவிட்டாள். வெகுநேரம் அடித்தது. யாரோ எடுத்து, பதறி, அவரை எழுப்பினார்கள்.

"பெரியப்பா, ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். மேலத்தெருவில் புளியமரத்துக்கு அடுத்த வீடு யாருடையது?"

அவர் இருமினார். ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை.

"செக்கு வீடு" என்றார். "அடுத்தது நம் வீடு."